ஆண்டறிக்கை 2024-25: வெள்ளத் தயார்நிலைப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தெருப் பொறுப்பாளர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தாம்பரம் அருகே முடிச்சூர் பகுதியில் நமது நலச் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த வெள்ளத் தயார்நிலைப் பணிகளை இங்கே முன்வைக்கிறேன். தெருவிளக்கு, குப்பை, சாலை தொடர்பான விவரங்கள் தனித்தாளில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மழைக்காலம் பிறந்தாலே நம் வாட்ஸ்அப் குழுவில் எழும் முதல் கேள்வி, "செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள்?" என்பதுதான். அந்தத் தண்ணீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. நாம் அதற்கு மேலே இருக்கிறோம். நம் வாசலுக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். ஏரி நிரம்பியதும் அது கலங்கல் (உபரி நீர் வழியும் தாழ்ந்த சுவர்) தாண்டித் தானாக வழியும். யாரும் ஷட்டரைத் தூக்கிவிட்டு மைக்கில் அறிவிக்கப் போவதில்லை. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டதால், அந்தத் தண்ணீரைத் தேக்க எங்கும் இடமிருக்கவில்லை. ஆகவே நமக்கான எச்சரிக்கையை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு அதிக நேரம் செலவழித்தது இதற்காகவே.

கால்வாயின் கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலத்தின் சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு என வெள்ளையும் கறுப்புமாக அளவுகோல் வரைந்து, இரவில் டார்ச் அடித்தால் மின்னும்படி ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறோம். முதலில் மேல்பக்கம் மட்டுமே வரைந்திருந்தோம். அது போதவில்லை. கல்வெர்ட்டின் வாயில் ஆகாயத்தாமரையும் பாலித்தீனும் அடைத்துக்கொண்டாலும் மேல்பக்கம் நீர் ஏறும்; ஆனால் ஆற்றில் வெள்ளமே இருக்காது. இப்போது கீழ்ப்பக்கமும் ஓர் அளவுகோல் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் அடைப்பு, ஜேசிபியைக் கூப்பிட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஆறு எதிர்த்து வருகிறது, ஆட்களை நகர்த்த வேண்டும்.

நீர்மட்டத்தைவிட அது ஏறும் வேகம்தான் முக்கியம். அரை மணியில் 5 செ.மீ. ஏறினால் வண்டிகளை மேட்டுக்கு எடுக்கச் சொல்கிறோம்; 10 செ.மீ. ஏறினால் முதியவர்களையும் நோயாளிகளையும் அப்போதே மாடிக்கோ முகாமுக்கோ அனுப்புகிறோம். மழை விட்டுவிட்டது என்று காவலைக் கலைக்கக் கூடாது. ஏரித் தண்ணீர் பல மணி நேரம் கழித்தும் வந்து சேரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இருவர் இருவராக இரவுக் காவல் இருந்து அளவுகோலைப் போனில் படமெடுத்து அனுப்பினார்கள். லென்ஸில் மழைத்துளி படிந்து பாதிப் படங்கள் மங்கலாக வந்தன. இனி படத்தோடு எண்ணையும் நேரத்தையும் எழுதி அனுப்புவது கட்டாயம்.

செப்டம்பரில் கருவிகளை வெளியே எடுத்துப் பார்த்தபோது தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகிச் சிறு துளையை அடைத்திருந்தது. இப்போது மாதம் ஒருமுறை 15 நிமிடம் லோடு கொடுத்து ஓட்டி, பெட்ரோல் வால்வை மூடி, தானாக அணையும்வரை விட்டுவிடுகிறோம். அதைப் போர்ட்டிகோவிலோ படிக்கட்டுக்கு அடியிலோ வைத்து ஓட்டக் கூடாது; வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு மாடிவரை ஏறி ஆளைக் கொன்றுவிடும்.

தெப்பத்துக்கான நான்கு 200 லிட்டர் டிரம்களில் ஒன்றின் மூடி வாஷர் வெடித்திருந்தது. காலி டிரம்தானே என்று யாரும் பார்க்கவில்லை. நான்கும் முழுக முழுக 800 கிலோ தாங்கும் என்பது கணக்கு. மூங்கில், கயிற்றின் எடையும் ஆட்கள் ஒரே பக்கம் சாய்வதும் இருப்பதால் மூன்று பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. நைலான் கயிறு நீரில் அமிழ்ந்து காலிலும் முள்வேலியிலும் சிக்குவதால், வீசும் கயிறாக மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றையே ஒவ்வொரு பையிலும் 20 மீட்டர் வைத்திருக்கிறோம். ஓடும் நீரில் இறங்குபவரின் இடுப்பில் கயிற்றைக் கட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கயிறு இறுகினால் நீரோட்டம் அவரை அமுக்கிவிடும். மேலே இழுக்கவும் முடியாது. கழியை நீட்டுவது, கயிறு வீசுவது, தெப்பம் விடுவது என்ற வரிசையில்தான் முயல வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது.

மணல் மூட்டையில் பலரும் தவறுவது நிரப்பும் அளவில். சிமென்ட் சாக்கை வாய்வரை நிரப்பிக் கட்டினால் உருண்டையாகி, இரண்டு மூட்டைக்கு நடுவே சந்து விழும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, வாயை மடக்கி அடியில் விட்டு, செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கி மிதிக்க வேண்டும். அடுக்குமுன் தண்ணீர்ப் பக்கம் தார்ப்பாய் விரிக்கலாம். வாசலை எவ்வளவு அடைத்தாலும் தரைத்தளக் கழிவறைக் கோப்பை வழியாகத் தண்ணீர் முதலில் உள்ளே வரும்; அதன் மேலும் ஒரு மூட்டை வேண்டும். சம்ப்பை (தரைக்கு அடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை) காலியாக விடாதீர்கள். நிலத்தடி நீர் ஏறினால் காலித் தொட்டி மேலெழும்பி விரிசல் விடும். நிரப்பி மூடியை இறுக்குங்கள்.

மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் அணையாது. மின் வாரியம் சப்ளையை நிறுத்திய பிறகும் தண்ணீர் புகுந்த வீட்டில் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். ஆகவே மெயின், இன்வெர்ட்டர் சுவிட்ச் இரண்டையும் அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றச் சொல்லி வீடுவீடாகத் துண்டறிக்கை கொடுத்தோம்.

வெள்ளம் வடிந்தபின் சம்ப்பை இறைத்துக் கழுவி, நல்ல நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். இது வழக்கமான 2.5 கிராமின் இரு மடங்கு. பவுடரை அப்படியே கொட்டாமல், வாளியில் பசையாகக் குழைத்து நீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் சுண்ணாம்பு படியவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்துக் குளோரின் சோதனையில் லிட்டருக்கு 0.5 மி.கி. காட்ட வேண்டும். பிரித்த பை ஒரு மழைக்காலத்துக்குள் வீரியம் இழக்கும், அளவு சரியாக இருந்தும் பலன் இருக்காது. அதனால் ஆண்டுதோறும் புதுப் பை, மூடி இறுகிய டப்பாவில்.

செல்போன் டவர்களின் டீசல் தீர்ந்தால் போன் போய்விடும். டயாலிசிஸ், ஆக்சிஜன், இன்சுலின் தேவைப்படுவோர், படுக்கையில் இருப்போர், கர்ப்பிணிகள் விவரம் தெருவாரியாகக் காகிதத்தில், பிளாஸ்டிக் உறையில் பொறுப்பாளர் கையில் இருக்கிறது. டயாலிசிஸ் செய்வோர் புயல் எச்சரிக்கை வந்ததுமே மருத்துவமனையில் கேட்டு முறையை முன்கூட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனால் இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானையில் பாதுகாக்கலாம்.

கல்வெர்ட்டைத் தூர்வாரக் கொடுத்த மனு சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. மழைக்கு முன் மீண்டும் நேரில் சென்று கேட்போம். தெருவாரி நோயாளிகள் பட்டியலைச் செப்டம்பர் 15க்குள் புதுப்பிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரவுக் காவலுக்கு இன்னும் நான்கு பேர் தேவை. குறிப்பாக மூன்றாவது தெருவிலிருந்து ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. அங்குதான் தண்ணீர் முதலில் ஏறுகிறது.

நன்றி.
செயலாளர்