போனஸ் கணக்கில் ஏறும் வரை பொறு

லால்குடி
9 மார்ச் 2024

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இன்று இரண்டாவது சனி, எனக்கும் லீவு. நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாளை சமயபுரத்தில் பூச்சொரிதல் ஆரம்பம். அம்மா இந்த வருடமும் 28 நாள் விரதம் இருப்பேன் என்கிறாள். அம்மனே துள்ளுமாவும் நீர்மோரும் பானகமுமாக நமக்காகப் பட்டினி கிடக்கிறாள், எனக்கென்ன கேடு என்று கேட்கிறாள். 71 வயதில் சர்க்கரையை வைத்துக்கொண்டு இது வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ போனில் ஒரு வார்த்தை சொல். உன் பேச்சைத்தான் கேட்பாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். புது வங்கி ஜூன் முதல் வாரம் சேரச் சொல்கிறது, உனக்கு 90 நாள் நோட்டீஸ், அதனால் இந்த வாரமே பேப்பர் போட, அதாவது ராஜினாமா கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். "மார்ச் 31 வரை உழைத்தாகிவிடும், அந்த வருட போனஸைத் தராமலா போவார்கள்" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. 2016இல் நானும் இதே வார்த்தைகளைத்தான் என் அண்ணனிடம் சொன்னேன்.

இந்தக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நிதியாண்டு முடிந்துவிட்டது, இனி என்ன என்று ஏப்ரல் 4 அன்று ராஜினாமா கொடுத்தேன். 60 நாள் நோட்டீஸ். மே மாதச் சம்பளத்தோடு கிளையில் எல்லோருக்கும் போனஸ் ஏறியது. எனக்கு வெறும் சம்பளம் மட்டும். அன்றைக்கு நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஹெச்.ஆரைக் கேட்டபோது, சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தையே காட்டினார்கள். போனஸ் பட்டுவாடா ஆகும் நாளில் பணியில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்து நோட்டீஸில் இருக்கக் கூடாது என்று அதில் இருந்தது. 2,80,000 ரூபாய் போனது. அம்மா வீட்டு ஓட்டைப் பிரித்துத் தளம் போட வைத்திருந்த பணம் அது. இரண்டு மழைக்காலம் அம்மா பாத்திரம் வைத்து ஒழுகல் பிடித்தாள். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சட்டம் இருக்கிறதே என்று நீ கேட்பாய். 1965ஆம் வருட போனஸ் சட்டம் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. அந்த வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தால் போதும், ராஜினாமா செய்ததற்காக அதைப் பிடித்து வைக்க முடியாது. உனக்கு வருவது அந்த போனஸ் இல்லை. ரேட்டிங்கை, அதாவது உன் வருட வேலைக்கு அவர்கள் போடும் மதிப்பீட்டைப் பார்த்து வங்கி தருகிற வேரியபிள் பே. அதற்கு அவர்கள் எழுதி வைத்ததுதான் விதி. அதனால் முதல் வேலையாக உன் அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் போன வருட போனஸ் லெட்டரையும் எடுத்துப் படி. வங்கிக்கு வங்கி வாசகம் மாறும். 'பணியில் இருக்க வேண்டும்' என்று மட்டும் இருக்கிறதா, 'நோட்டீஸில் இருக்கக் கூடாது' என்பதும் இருக்கிறதா என்று பார். அந்த இரண்டாவது வரி இருந்தால் பேச்சே இல்லை.

நீ எழுதிய தொகைகளை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். இப்போது பேப்பர் போட்டால் ஜூன் 7 வாக்கில் வெளியே வருவாய். உங்களுக்கு போனஸ் வருவது ஜூன் கடைசியில். பணம் ஏறிய பிறகு கொடுத்தால் செப்டம்பர் கடைசியில் விடுதலை. இந்த மூன்றே முக்கால் மாதத்தில் நீ இழப்பது புது இடத்தின் கூடுதல் சம்பளம், மாதம் 45,000 வீதம் சுமார் 1,69,000. கையில் வருவது ஆறு லட்சம். இரண்டுக்கும் வரி உண்டு, ஆனாலும் எது பெரிது என்பதில் சந்தேகமே இல்லை.

அதோடு நீ கவனிக்காத ஒன்று, கிராஜுட்டி எனும் பணிக்கொடை. 2019 ஆகஸ்டில் சேர்ந்தாய். வரும் ஆகஸ்டில் ஐந்து வருடம் நிறைகிறது. நோட்டீஸ் காலமும் பணிக்காலம்தான். 78,000 அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 45,000. ஐந்து வருடத்துக்கு 2,25,000. நான்கு வருடமும் 240 நாளும் இருந்தாலே உண்டு என்று நம் மெட்ராஸ் உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் ஐந்து முழுசாக இல்லை என்று மறுக்கும் அலுவலகங்கள் உண்டு, நீ அதற்காக அலைய வேண்டியிருக்கும். செப்டம்பரில் போனால் அந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, உன் வீட்டுக் கடன். ஊழியர் சலுகை வட்டி நீ ரிலீவ் ஆனதும் நின்றுவிடும். 30 லட்சம் பாக்கிக்கு மூன்று சதவீதம் ஏறினால் வருடத்துக்கு 90,000. அந்த 45,000இல் மாதம் 7,500 இதற்கே போய்விடும். புது வங்கியிடம் சம்பளம் பேசும்போது இதையும் சேர்த்துக் கேள்.

அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. ஜூன் போனஸ் வந்த பிறகுதான் பேப்பர் போட முடியும், அக்டோபரில் சேர்கிறேன் என்று. வங்கியில் ஆள் எடுப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஜூன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், இழக்கும் போனஸை ஜாயினிங் போனஸாகத் தரச் சொல். ஆஃபர் லெட்டரில் எழுத்தில் வர வேண்டும். அதிலும் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். ஐந்து லட்சம் தருகிறார்கள் என்று வை, 31.2 சதவீதம் வரி போக உன் கைக்கு வருவது 3,44,000. திருப்பிக் கேட்கும்போது முழு ஐந்து லட்சத்தையும் கேட்பார்கள். பிடித்தம் போகத் திருப்பினால் போதும் என்று மாற்ற முடியுமா பார்.

அதுவரை அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடாதே. கேன்டீன் தோழியிடம்கூட வேண்டாம். மார்ச்சும் ஏப்ரலும் ரேட்டிங் முடிவாகும் நேரம். போகப்போகிறவள் என்று தெரிந்தால், இன்னொருத்தருக்கு ஒரு படி ஏற்ற உன்னை ஒரு படி இறக்கிவிடுவார்கள். பின்னணி விசாரணைக்கு இப்போதைய அலுவலகத்தை அழைக்க வேண்டாம் என்று புது இடத்தில் சொல்லி வை.

மனதில் வேறொன்றை வைத்துக்கொண்டு போனஸுக்காகக் காத்திருப்பது மேனேஜருக்குச் செய்யும் துரோகம் போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் மங்கை. டிசம்பர் காலாண்டு முடிவில் இரவு பதினொரு மணிக்கு ஃபைலோடு உட்கார்ந்திருந்தாயே, பிள்ளையின் ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போக முடியாமல் அழுதாயே, அந்த நாட்களின் கூலி அது. ஜூன் வரை ஒழுங்காக வேலை செய், நோட்டீஸ் காலத்தில் உன் கணக்குகளைச் சுத்தமாக ஒப்படை. அதற்கு மேல் அவர்களுக்கு நீ கடன்பட்டவள் இல்லை.

ஆனால் ஒரு பயமும் எனக்கு இருக்கிறது. இந்தக் காத்திருப்புக்கு முடிவில்லாமல் போகலாம். 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, பெரிய பதவியில் இருப்பவர்களின் வேரியபிள் பேயில் பெரும்பகுதியை மூன்று வருடமாவது தள்ளித்தான் தர வேண்டும். கொடுத்த கடன் பிற்பாடு கெட்டுப் போனால் பணத்தை நிறுத்தி வைக்க அந்த ஏற்பாடு. கடன் பிரிவில் இருக்கும் உனக்கு அதன் நியாயம் தெரியும். அந்தப் பதவிக்குப் போனவர்கள் எப்போது கிளம்பினாலும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உனக்கு இன்னும் அந்த நிலை இல்லை. ஆனால் அடுத்த ஏப்ரலில் கைக்கு வர வேண்டிய பங்குகள் என்று ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதற்காக இருக்காதே, போகட்டும். உனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்தது போன தீபாவளிக்கு. தூக்கம் வரவில்லை என்று மூன்று கடிதமாக எழுதுகிறாய். ஜூனில் பணம் ஏறியதும், பே ஸ்லிப்பையும் போனஸ் லெட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலை கொடுத்துவிடு. தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வை.

மீதி லீவு எவ்வளவு, காசாக்க முடியுமா என்பதையும் கேட்டுக்கொள். புது இடத்தில் சேர்ந்ததும் பழைய சம்பள விவரத்தை 12பி படிவத்தில் கொடுக்க மறக்காதே. இல்லாவிட்டால் வருடக் கடைசியில் வரி மொத்தமாகத் தலையில் விழும்.

அந்த போனஸ் ஷரத்து இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து இன்று இரவே அனுப்பு, நானும் படிக்கிறேன். பங்குனியில் பிள்ளைகளோடு இரண்டு நாள் வா. தளம் போட்ட பிறகு நீ இந்த வீட்டைப் பார்க்கவே இல்லை.

அன்புடன்,
கலா