ஒரே மாத்திரை, இரண்டு பேருக்கு

மன்னார்குடி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டில் நீ தினமும் சாப்பிடும் அதே லெட்ரோசோல் இருந்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை என்கிறாய். எனக்கு வந்த மார்பகப் புற்றுநோய் அவளுக்கும் வந்துவிட்டதா, என்னிடம் மறைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பயம் வேண்டாம்டி. சினைப்பையில் நீர்க்கட்டி என்று நீயே எழுதியிருக்கிறாய். அவளுக்கு அந்த மாத்திரை குழந்தைக்காக.

மாதவிலக்கு நிற்கும்வரை நமக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் சினைப்பையிலிருந்து வருகிறது. நின்ற பிறகு அந்த வேலையை முக்கியமாக உடம்பில் இருக்கும் கொழுப்புத் திசு எடுத்துக்கொள்கிறது. அங்கே அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆண் ஹார்மோன்கள் பெண் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. அவற்றை இந்த நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். உனக்கு மார்பில் வந்தது அந்த ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு வளரும் வகைக் கட்டி. லெட்ரோசோல் நொதியைத் தடுப்பதால்தான் உன்னை வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். மருமகளுக்கு வழக்கமாக ஐந்து நாள்தான் கொடுப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைந்ததும் மூளை அதைக் கண்டுகொண்டு, கருமுட்டையை வளர்க்கும் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கும். முட்டை முதிர்ந்து வெளியே வரும். 2014-இல் அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. பழைய மருந்தான குளோமிபீன் எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அவளுடைய டாக்டர் நல்ல வழியில்தான் போகிறார்.

இதைவிட எனக்கு மனசு கேட்காமல் போனது, வீட்டில் எண்ணெயையே நிறுத்திவிட்டோம், தாளிப்பதுகூட இல்லை, அவளுக்கு முட்டையும் மீனும் கிடையாது என்று நீ எழுதிய வரிதான். கொழுப்பு என்றாலே புற்றுநோய் என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். 1929-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டுப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, பெண் எலிகளுக்கு முட்டை வெளிவருவது தாறுமாறானது. எண்ணெயில் இருக்கும் லினோலெயிக் அமிலத்தைக் கொடுத்ததும் தேறின. கொலஸ்ட்ராலை நம் ஈரல் தானே செய்துகொள்ளும், அதிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் உண்டாகின்றன. ஆனால் லினோலெயிக் அமிலத்தை உடம்பால் செய்ய முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். பிரசவ வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களுக்கும் மூலப்பொருள் அதன் வழியில் வருவதுதான். பிள்ளைக்கு ஏங்கும் பெண்ணிடம்போய் எண்ணெய் இல்லாத சாப்பாட்டை நீட்டலாமா?

உன் நோய்க்கும் அந்தக் கணக்கு சரிவரவில்லை. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 48,835 பெண்களில் ஒரு பகுதியினரைக் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லி எட்டு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். 2006-இல் முடிவு வந்தபோது, மார்பகப் புற்றுநோய் அவர்களுக்கு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. தட்டில் இருக்கும் எண்ணெயைவிட உடம்பில் சேரும் எடைக்குத்தான் சான்று பலமாக இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் உட்பட 13 வகைகளை அதிக எடையோடு தொடர்புபடுத்தி 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லியிருக்கிறது. கொழுப்புத் திசு கூடக்கூட அங்கே ஈஸ்ட்ரோஜனும் கூடும், நான் மேலே சொன்ன அதே நொதியால்.

நம் பக்கத்து வீடுகளில் எண்ணெயை நிறுத்தினால் நடப்பது என்ன தெரியுமா? சோறு கூடிவிடும். காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, ராத்திரி மறுபடி சோறு. இன்சுலின் ஏறும், நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு அந்த இன்சுலின்தான் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும், முட்டை வெளிவராது. எடை கூடியிருந்தால் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்துவிடும். அவள் தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பயறு, கீரை, முட்டை வை. பூம்புகார் பக்கத்திலிருந்து மாயவரத்துக்கு வரும் மத்தியை வாங்கிக் குழம்பு வை, வறுக்க வேண்டாம். ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு அதில் நிறைய. முருங்கைக்கீரையில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேரவும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்.

நீ நிறுத்த வேண்டியது வேறே இருக்கிறது. வனஸ்பதியில் செய்த பப்ஸ், பிஸ்கட், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் போட்ட பஜ்ஜி. அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு முட்டை வெளிவராத குழந்தையின்மை கூடுதலாக இருந்தது, 2007-இல் வந்த முடிவு. நம் நாட்டில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய்களில் அதை 2 சதவீதத்துக்கு மேல் விடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் சட்டியில் மிஞ்சிய எண்ணெயை மறுநாளும் காய்ச்சுகிற பழக்கத்தை நாம்தான் விடவேண்டும்.

இன்னொன்று, உன் பையனுக்குப் பரிசோதனை எடுத்தார்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தொப்பை போட்டுவிட்டான் என்று போன தடவை நீதான் சொன்னாய். அரோமடேஸ் ஆண்கள் கொழுப்பிலும் உண்டு, டெஸ்டோஸ்டிரோனை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றும், விந்தணு பாதிக்கப்படலாம். நம் ஊரில் பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிடுவது எனக்குத் தாங்கவில்லை செல்வி. இரண்டு பேரும் சேர்ந்தே போகட்டும்.

இங்கே குறுவை நடவு முடிந்தது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. வைகாசி மழையில் எள் கொஞ்சம் போய்விட்டது. மிஞ்சியதைக் கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டி வைத்திருக்கிறேன், புண்ணாக்கு மாட்டுக்கு ஆயிற்று. உனக்கு ஒரு கேன் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அளவாக ஊற்று, ஆனால் ஊற்று.

லெட்ரோசோல் நாள்பட எலும்பை மெலிய வைக்கும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்தார்களா, கால்சியம் மாத்திரை தந்தார்களா என்று உன் டாக்டரிடம் கேள். கேட்டதும் எனக்கு எழுது.

உன்
மங்கை