அந்த மேகம் எந்த ஊருடையது?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை.

நீ அனுப்பிய உன் நாவலின் இருநூறு பக்கத்தையும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுப் படித்து முடித்துவிட்டேன். “மந்திரத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறேன்மா” என்று போனில் பெருமையாகச் சொன்னாய். உன் மந்திரவாதி மழையை வரவழைக்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு ஞாபகம் அழிகிறது. பாட்டியின் முகம் மறந்துபோகும் இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு வருஷம் நகைக்கடன் பார்த்தவள் நான். அவன் வாங்குகிறான், அவனே கட்டுகிறான். இதில் பாவம் எங்கே வருகிறது?

நீ விட்டுப்போன அலமாரியில் இருந்ததை எல்லாம் மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ கதையில், ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு காயலாம் என்று பையன்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அந்தக் கதையின் நாயகப் பையனுக்கு முதல் குரு மழையை விலக்கத் தெரிந்தவர். ஆனால் விலக்காமல் மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

நீ பள்ளிக்கூட நாளில் விழுந்து விழுந்து படித்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற ஜப்பானியப் படக்கதை நினைவிருக்கிறதா? செத்துப்போன அம்மாவைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கும் இரண்டு பையன்கள். பெரியவனுக்குக் கால் போகிறது, சின்னவனுக்கு உடம்பே போகிறது. தம்பியின் உயிரை ஒரு இரும்புக் கவசத்தில் கட்டிவைக்க அண்ணன் கையையும் கொடுக்கிறான். ஒன்று வேண்டுமென்றால் அதற்குச் சமமாக இன்னொன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதுவரை அது உன் கதை மாதிரிதான். அப்புறம் ஒரு கல் வருகிறது. அது கையில் இருந்தால் எதையும் இழக்காமல் எதையும் செய்யலாம். விதி தளர்ந்துவிட்டதோ என்று பார்த்தால், அந்தக் கல்லே உயிரோடிருந்த மனிதர்களைக் கரைத்துச் செய்தது. விலையை முன்பே யாரோ கட்டியிருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. கதை எனக்கு அங்கேதான் சூடுபிடித்தது.

ஜெமிசின் எழுதிய தி ஃபிப்த் சீசன் நாவலில் பூகம்பத்தை அடக்கும் சக்தியுள்ள ஒரு குழந்தையை நாற்காலியில் கட்டிவைத்திருப்பார்கள், ஊர் ஆடாமல் இருக்க. அந்தப் பக்கத்தோடு மூடிவைத்து இரண்டு நாள் எடுக்கவில்லை.

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. சுக்கிராச்சாரியார் சாபத்தால் கிழவனான யயாதி, சாபத்தை மாற்றிக்கொள்ளப் பிள்ளைகளிடம் இளமை கேட்டான். நான்கு பேர் மறுத்தார்கள், கடைசிப் பிள்ளை புரு கொடுத்தான். ஆயிரம் வருஷம் அனுபவித்துவிட்டு, ஆசை அனுபவித்துத் தீராது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தானாம் அப்பன்! புருவுக்கு ராஜ்யம் கிடைத்தது, எனவே கணக்கு சரி என்பார்கள். நரைத்துக் கூனிப்போன பிள்ளைக்குச் சோறு போட்ட அவன் அம்மா சர்மிஷ்டையை நினைத்துப் பார். கிரீஷ் கர்னாட் இதை நாடகமாக எழுதியபோது புருவுக்கு ஒரு மனைவியைக் கொண்டுவந்தார். அவள் அந்த வீட்டில் உயிரோடு இருக்கவில்லை.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். உன் முதல் வருஷ காலேஜ் பீஸ் எப்படிக் கட்டினோம் என்று நீ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அக்காவின் மூன்று பவுன் சங்கிலியைப் பக்கத்து ஊர் பாங்கில் அடகு வைத்தோம். எங்கள் சங்கத்தில் வைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ‘நகை எனக்குச் சொந்தமானது’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டது நான். இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் அதே வரியைக் காட்டிக் கையெழுத்து வாங்கியவள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினெட்டு மாசத்தில் அசலும் வட்டியும் பாக்கியில்லாமல் கட்டி மீட்டுவிட்டோம். ஆனால் அந்தப் பதினெட்டு மாசத்தில் உன் அக்கா இரண்டு கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு தடவையும் தலைவலி என்றாள்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, கையெழுத்து என்னுடையது. உன் ஏழாம் அத்தியாயத்தைப் படித்தபோது ஞாபகம் வந்தது. மந்திரவாதியின் ஊரில் மழை கொட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் வற்றிய கிணற்றடியில் ஒரு பெண் காலிக் குடத்தோடு நிற்கிறாள். ஒரே வரி எழுதிவிட்டு நீ அவனோடு போய்விட்டாய். அந்த மேகம் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது? அவனுக்குத் தெரியுமா? தெரிந்துதான் இழுத்தானா?

தாளை எல்லாம் மாமா பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன், எழுத்துப் பிழை நிறைய. அந்தக் கிணற்றடிப் பெண்ணுக்கு ஒரு பெயர் வை. அக்கா பெயர் மட்டும் வேண்டாம், அவளும் படிப்பாள்.

அன்புடன்,
அம்மா