ஜாமீன் கொடுத்துவிட்டீர்கள், ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்

தமிழ்நாட்டுக் குற்றவியல் நடுவர் மன்றங்களில் அமர்ந்திருக்கும் நீதிபதி ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம். முப்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, போன வருடம் வீட்டோடு உட்கார்ந்துவிட்டவன் எழுதுகிறேன். உங்கள் மேடைக்குக் கீழே, பெஞ்ச் கிளார்க் மேஜை ஓரமாக வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களில் ஒருவன். கோர்ட்டில் எங்களுக்கு வாய் கிடையாது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஜாமீன் உத்தரவில் நீங்கள் கையெழுத்துப் போட்டதும் அந்தக் கட்டு உங்கள் மேஜையை விட்டு இறங்கிவிடும். அடுத்த கட்டு ஏறும். இறங்கிய கட்டு என்ன ஆகிறது என்று பார்க்க உங்களுக்கு நேரம் இருந்திருக்காது. என் பிழைப்பே அதைப் பார்ப்பதுதான்.

ஒரு பையனைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயது, மெக்கானிக் கடை வேலை, பைக் திருட்டு வழக்கு. பதினெட்டாவது நாள் ஜாமீன் கிடைத்துவிட்டது. "இரண்டு நபர் ஜாமீன், தலா பத்தாயிரம், ஒருவர் ரத்த உறவு." நீங்கள் வழக்கமாகப் போடும் வரிதான். அவன் அம்மா மறுநாளே மஞ்சள் பையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார், நாலாக மடித்த வீட்டு வரி ரசீது. ரசீது செத்துப்போன மாமனார் பெயரில் இருந்தது. வி.ஏ.ஓ.விடம் போனால், "இடம் புறம்போக்கு, சொத்து மதிப்புச் சான்று எப்படிம்மா கொடுக்கிறது?" என்று கேட்டாராம். சித்தப்பாவுக்குப் பட்டா இருந்தது. ஆனால் அவர் பக்கத்து மாவட்டம். "வெளியூர் ஷூரிட்டி வேண்டாம், லோக்கல் ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று கோர்ட் ஆபீசிலேயே திருப்பிவிட்டார்கள்.

கோர்ட் வாசல் டீக்கடையில் ஆர்.சி. புத்தகமும் வரி ரசீதுமாகச் சிலர் காலையிலிருந்தே உட்கார்ந்திருப்பார்கள். முகம் தெரியாதவனுக்கும் ஜாமீன் நிற்பார்கள், தலைக்கு இவ்வளவு என்று ரேட். அவர்களை நானும் கூட்டி வந்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. அந்த அம்மாவால் ஒரு ஆளுக்குத்தான் காசு புரட்ட முடிந்தது. மற்ற ஆளுக்கான பணத்தை வாரவட்டிக்கு வாங்கிக் கட்டி பையனை வெளியே எடுத்தபோது, ஜாமீன் கொடுத்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. ஜாமீன் வாங்க ஆனது பதினெட்டு நாள். ஜாமீன் வாங்கிய பிறகு உள்ளே இருந்தது நாற்பத்தாறு நாள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைக் கணக்கைப் பார்த்தால் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சிறைகள் கட்டப்பட்டது 4,36,266 பேருக்கு. தண்டனை பெற்ற அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினாலும், இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்களே சிறையை ஏறக்குறைய நிரப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் லட்சத்துக்கு ஐந்நூறு பேருக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள், நமக்கு நாற்பதை ஒட்டித்தான் என்று சட்டம் படித்தவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அங்கே உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள். இங்கே நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை.

1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளியிருந்தார் கீழ்க்கோர்ட் நீதிபதி. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தாரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்ற பொருளில் கேட்டார். இன்று அந்தக் கேள்வியைத் திருப்பூரில் வைத்துக் கேட்க வேண்டும். பனியன் கம்பெனிக்கு வந்த பீகார் பையன் கைதானால், ரத்த உறவு இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு, அது உங்கள் கண்முன்னாலேயே நடக்கிறது. ஜாமீன்தார் கிடைக்காமல் நாலைந்து மாதம் இருந்தவனிடம் யாராவது, சில சமயம் நாங்களே, சொல்லுவோம்: "ஒத்துக்கோ. இருந்த நாளைக் கழிச்சு விட்டுடுவாங்க." உள்ளே இருந்த நாளைத் தண்டனையில் கழிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதல்லவா. அவன் செய்தானோ இல்லையோ, கூண்டில் நின்று தலையாட்டுவான். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போவான். எல்லோருக்கும் நிம்மதி, உங்கள் நிலுவையில் ஒன்று குறையும். ஆனால் ஸ்டேஷன் பதிவேட்டில் அவன் இப்போது பழைய குற்றவாளி. ஏரியாவில் எந்த வண்டி காணாமல் போனாலும் முதல் தட்டு அவன் கதவுக்குத்தான். நாலாவது வழக்கில் அவன் மேல் குண்டர் சட்டம் பாயும். அந்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வருடம் வரை ஜாமீன் என்ற பேச்சே இல்லை. தடுப்புக் காவல் கைதிகளின் கணக்கில் நம் மாநிலம் நாட்டிலேயே முதலில் நிற்பதற்கும், அந்த முதல் தலையாட்டலுக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

வெளியே இருக்கும் வீட்டுக்கும் தனியாக ஒரு தண்டனை ஓடுகிறது. மனு போட்டுப் பார்க்கப் போகும் நாள் கூலி போச்சு. பஸ் காசு, உள்ளே இருப்பவனுக்குப் பிஸ்கட், சோப்பு. நான் சொன்ன பையனின் தங்கை அந்தப் பருவப் பரீட்சையை எழுதவில்லை. அம்மா கோர்ட்டுக்கு அலைந்த நாளெல்லாம் இட்லிக் கடையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். மெக்கானிக் கடையில் அவன் இடத்துக்கு வேறு பையன் வந்துவிட்டான். வழக்கு பிறகு விடுதலையில்தான் முடிந்தது. வாரவட்டி அதற்கப்புறமும் ஓடியது.

புதிதாகச் சட்டம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தாளில் எல்லாம் இருக்கிறது. 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது: ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏழு நாளில் ஆள் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தார் வராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம், உள்ளூர் ஜாமீன் கேட்காமல் இருக்கலாம். அதே வருடம் ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டம் வந்தது, ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை. அதற்கு ஒரு மனுகூட நான் என் கையால் நிரப்பியதில்லை. யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவன் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விடச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் மூன்று வருடத் திருட்டு வழக்கில் அது ஒரு முழு வருடம். அந்த இட்லிக் கடை ஒரு வருடம் தாங்காது.

சின்ன வழக்குகளில் ரத்த உறவு, உள்ளூர், இரண்டு பேர் என்ற மூன்றையும் பழக்கதோஷத்தில் போடாதீர்கள். ஆள் ஓடிவிடுவான் என்று எதையாவது பார்த்துத் தோன்றினால் போடுங்கள், அதை உத்தரவில் எழுதுங்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால், ஒரு வாரத்தில் ஜாமீன்தார் கொண்டுவர முடியாதவனை வசதியில்லாதவன் என்றே கருதிச் சொந்தப் பிணையில் விடச் சட்டமே சொல்கிறது. அந்த மனசைப் பைக் திருட்டுக்கும் கொஞ்சம் நீட்டுங்கள். வாரம் ஒரு நாள், கோர்ட் தொடங்கும் முன், ஜாமீன் கொடுத்து ஏழு நாள் தாண்டியவர்களின் பட்டியலைக் கேளுங்கள்.

என் முப்பத்தோரு வருடத்தில் ஒரே ஒரு நடுவர் அப்படி விசாரித்ததைத்தான் பார்த்தேன், ஒரு அம்மா. மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர் வராந்தாவில் நின்று, மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம், "யாருக்காகப் பாட்டி தினமும் வர்றீங்க?" என்றார். பேரனுக்கு அவரே ஜாமீன் கொடுத்து இருபது நாள் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரியாது. திரும்பி மேலே போய் கட்டை எடுக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் சிறையைப் பூட்டும் முன்னாலேயே விடுதலை மெமோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு பழைய வக்கீல் குமாஸ்தா