பிரவுன் தீர்ப்புக்குப் பின் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் நிலவிய நிறப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்த பிரவுன் வழக்கைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1954 மே 17 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரனும் மற்ற எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பையும், அதற்காக வாதாடிய தர்குட் மார்ஷலின் உழைப்பையும் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் தீர்ப்பு நாளோடு கட்டுரை முடிந்துவிடுவதால், மறுநாளே பள்ளிக் கதவுகள் திறந்துவிட்டன என்று இளம் வாசகர்கள் எண்ண இடமிருக்கிறது. உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற பதினொரு தென் மாநிலங்களில், 1963-64 கல்வியாண்டில்கூட வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு.

இதற்குக் காரணம் தென் மாநில அரசுகளின் பிடிவாதம் மட்டுமன்று. 1955இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரண்டாவது தீர்ப்பு, பிரிவினையை நீக்குவதற்குக் காலக்கெடு எதையும் விதிக்காமல் மேற்பார்வைப் பொறுப்பைக் கீழமை நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. அதன் விளைவாக ஒவ்வொரு பள்ளி வாரியத்தின் மீதும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் மீதும் யாரேனும் ஒருவர் தனித்தனியே வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையின் பெரும்பகுதியைச் சுமந்தவர்களில் முதன்மையானவரான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

அவர் 1921இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தவர். பெற்றோர் கரீபியக் கடலிலுள்ள நெவிஸ் தீவிலிருந்து குடியேறியவர்கள். தந்தை யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையற்காரர். கல்லூரிக்கு அனுப்பக் குடும்பத்தில் வசதி இல்லை. உள்ளூர்க் கூட்டமொன்றில் அவர் பேசியதைக் கேட்ட கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி என்ற வெள்ளைத் தொழிலதிபர் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோதே, 1945இல், கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக வழக்காடிவந்த, மார்ஷல் தலைமையிலான என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் பணிக்குச் சேர்ந்தார். பிரவுன் வழக்கின் மூல மனுவை 1950இல் எழுதியவரும் இவரே.

1954க்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் 'கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லத் துணியவில்லை. விண்ணப்பம் தாமதமாக வந்தது, விடுதியில் இடமில்லை, முன்பு படித்த கல்லூரியின் மதிப்பெண்களை ஏற்க இயலாது என்பன போன்ற காரணங்களே பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்தன. ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு 1959 முதல் விண்ணப்பித்துவந்த சார்லேன் ஹண்டருக்கும் ஹாமில்டன் ஹோம்ஸுக்கும் கிடைத்த பதில், விடுதிகள் நிரம்பிவிட்டன என்பதுதான். அந்தக் காரணங்களுக்குப் பின்னால் இருப்பது நிறமே என்று நிறுவ மோட்லி பல்கலைக்கழக அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருந்தது. 1961 ஜனவரியில் இருவரையும் சேர்த்துக்கொள்ளும்படி ஆணை பிறந்தது. அதற்கு மாவட்ட நீதிபதி விதித்த நிறுத்தத்தை மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அன்றே நீக்கினார். பிற்காலத்தில் ஹண்டர் புகழ்பெற்ற பத்திரிகையாளரானார், ஹோம்ஸ் மருத்துவரானார்.

மிசிசிப்பி வழக்கு இதைவிடக் கடினமானது. விமானப்படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய ஜேம்ஸ் மெரிடித் 1961 ஜனவரியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே சேர விரும்புவோர், அங்குப் படித்த பழைய மாணவர்களிடமிருந்து நற்சான்றிதழ் வாங்கித் தர வேண்டும் என்பது விதி. பழைய மாணவர்கள் அனைவரும் வெள்ளையர் என்ற நிலையில் அவ்விதியின் உண்மையான நோக்கத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பல்கலைக்கழகத்தில் நிறப் பாகுபாடு இல்லையென்று மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். வாய்தா, மேல்முறையீடு, மறு விசாரணை, மீண்டும் மேல்முறையீடு என்று வழக்கு ஓர் ஆண்டுக்கும் மேலாக நீண்டது. 1962 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மெரிடித்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பின்னரும், வழக்கை விசாரித்த அமர்வில் இடம்பெறாத ஒரு நீதிபதி அடுத்தடுத்து நான்கு முறை அதற்குத் தடை விதித்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக் செப்டம்பரில் தலையிட்ட பிறகே தடை முற்றாக நீங்கியது. அதன்பின் ஆளுநர் ராஸ் பார்னெட் நேரில் வழிமறித்ததும், வளாகக் கலவரத்தில் இருவர் கொல்லப்பட்டதும் பலரும் அறிந்தவை. அந்நாட்களில் மோட்லிக்கு மிசிசிப்பியில் வழிகாட்டியாகவும் துணையாகவும் இருந்த கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் 1963 ஜூனில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் மெரிடித் பட்டம் பெற்றார்.

எல்லா வழக்குகளும் வெற்றியில் முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1956 பிப்ரவரியில் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆதரின் லூசி, மூன்றாம் நாள் கும்பல் தாக்கியதைக் காரணம் காட்டி இடைநீக்கம் செய்யப்பட்டார். நிர்வாகத்துக்கும் கும்பலுக்கும் தொடர்பு உண்டென்று அவருடைய வழக்கறிஞர்கள் மனுவில் குற்றஞ்சாட்டினார்கள். பிறகு அதைத் திரும்பப் பெற்றும், அக்குற்றச்சாட்டையே காரணமாக்கிப் பல்கலைக்கழகம் அவரை நிரந்தரமாக நீக்கிவிட்டது. அந்த நீக்கம் 1988இல் ரத்தானது. அவர் அங்கேயே முதுகலைப் பட்டம் பெற்றது 1992இல். நீதிமன்றத்தில் ஒரு வரியைக் கூடுதலாக எழுதியதற்கு ஒரு மாணவி இத்தனை ஆண்டுகளை விலையாகக் கொடுக்க நேர்ந்ததைச் சட்டம் பயிலும் எவரும் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நிறப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் சென்றதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பள்ளி வாரியம் வெளியேற்றியபோது, மாவட்ட நீதிபதி தலையிட மறுத்த அன்றைக்கே மோட்லி அட்லாண்டாவில் டட்டிலின் முன் வாதாடி, அவர்களைத் திரும்பச் சேர்க்கும் ஆணையைப் பெற்றார். உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. அங்கு நடத்திய பத்து வழக்குகளில் ஒன்பதில் வென்றார்.

1966 ஜனவரியில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அவரைக் கூட்டாட்சி நீதிபதியாக முன்மொழிந்தார். இத்தகைய நியமனங்களைப் பரிசீலிக்கும் செனட் நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்தவர், மோட்லி யாருடைய மாநிலத்தில் வழக்காடி வென்றாரோ அந்த மிசிசிப்பியின் உறுப்பினரான ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். அவர் நியமனத்தை ஏழு மாதங்கள் கிடப்பில் போட்டார். ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்து, அப்பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணாக மோட்லி நியூயார்க் நீதிமன்றத்தில் பொறுப்பேற்றார். 1975இல் பெண்களுக்கு எதிரான பாகுபாடு குறித்த ஒரு வழக்கில், அவர் ஒரு பெண், கறுப்பினத்தவர், முன்பு இத்தகைய வழக்குகளை நடத்தியவர், எனவே விலக வேண்டும் என்று எதிர்த்தரப்பு கோரியது. பால், இனம், பின்னணி ஆகியவை மட்டுமே போதிய காரணங்களானால் இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் வழக்கை விசாரிக்க முடியாது என்று கூறி அவர் மறுத்தார். 2005இல் மறையும்வரை அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார்.

இனி இத்தகைய வழக்குகளைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, தீர்ப்பு நாளில் நிறுத்திவிடாமல், அது நடைமுறைக்கு வந்த விதத்தையும் அதற்காக ஊர் ஊராகச் சென்று வழக்காடியவர்களின் பெயர்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்