நாயுடன் கோடைப் பயணம் வரும் தம்பதியருக்கு: வழித்தடத்தை மாற்றியது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டாலே எங்களிடம் கேம்பர் வேன் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) கேட்டு வருகிறவர்களில், கணவனும் மனைவியுமாகத் தங்கள் வளர்ப்பு நாயையும் கூட்டிக்கொண்டு சில நாட்கள் வெட்டவெளியில் தங்கிவர விரும்புகிறவர்கள் கணிசமானவர்கள். மாஞ்சோலை, முண்டந்துறை, களக்காடு தலையணை, திருக்குறுங்குடி நம்பி கோயில் என்று மலையைச் சார்ந்த இடங்களைத்தான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். இந்தக் கோடையிலிருந்து நாயுடன் வருகிறவர்களுக்கு அந்த வழித்தடத்தில் வண்டி தருவதில்லை என்று முடிவு செய்து, ஆற்றங்கரையையும் கடற்கரையையும் இணைத்து வேறொரு வழித்தடம் வகுத்திருக்கிறோம். அதன் காரணங்களைத் தங்களுக்கு விளக்கமாகச் சொல்வது எங்கள் கடமை.

முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாயின. 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. காப்பகத்துக்குள் வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி கிடையாது. இது வெறும் சோதனைச்சாவடிக் கெடுபிடி அன்று. வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரிக் காய்ச்சலும் நாயிடமிருந்து செந்நாய், சிறுத்தை, புலி வரைக்கும் தொற்றக்கூடியவை; 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அவற்றில் சிலவற்றின் உடலில் டிஸ்டெம்பர் கிருமி இருந்தது கண்டறியப்பட்டது. ஆபத்து மறுபக்கத்திலும் உண்டு. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. பாபநாசத்தை ஒட்டிய அடிவார ஊர்களில் ஆட்டையும் நாயையும் தூக்கிச்சென்ற சிறுத்தைகளை வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்த செய்திகளைத் தாங்களும் படித்திருப்பீர்கள். அதனால் காப்பகத்துக்கு வெளியே என்றாலும், அடிவாரத் தோப்புகளில் நாயுடன் இரவு தங்குவதை நாங்கள் ஏற்பதில்லை.

“நாயை வண்டியிலேயே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் அருவிக்குப் போய்வருகிறோம், ஏசி ஓடட்டும்” என்று கேட்பவர்கள் உண்டு. எங்களை மிகவும் கலங்கச் செய்வது இந்தக் கேள்விதான். வெளியே 24 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலேயே, மூடி நிறுத்திய வண்டியின் உள்ளே பத்து நிமிடத்தில் வெப்பம் 34 டிகிரியை எட்டிவிடும். கத்திரி வெயிலில் 40 டிகிரியை நெருங்கும் நம் திருநெல்வேலியில் என்ன ஆகும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். வேனின் ஏசி வெளி மின்சாரத்திலோ ஜெனரேட்டரிலோ ஓடுவது. மின்சாரம் போனாலும் ஜெனரேட்டர் நின்றாலும், உள்ளே அடைபட்ட உயிரால் கதவைத் திறந்துகொண்டு வெளியேற முடியாது. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும் முதன்மையான வழி. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். ஈறு செங்கல் நிறமாகச் சிவப்பது, எச்சில் கெட்டியாகிக் கயிறு போல் தொங்குவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றைக் கண்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் நிழலுக்குக் கொண்டுவந்து, கழுத்து, வயிறு, தொடையிடுக்கு நனையக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை வசதி இருக்கிறது.

ஆகவே, எந்த நேரத்திலும், ஐந்து நிமிடத்துக்குக்கூட, நாயைத் தனியே வண்டியில் விடக்கூடாது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் முதல் நிபந்தனையாகச் சேர்த்திருக்கிறோம். ஒருவர் குளித்து வரும்வரை மற்றவர் நாயுடன் மரநிழலில் இருக்கலாம். இருவராக வருவதில் உள்ள பெரிய வசதியே இதுதான்.

இனி புதிய வழித்தடம். முதல் தங்கல் கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், மலையடிவாரம் விட்டு விலகி, தோப்பு உரிமையாளர்களின் இசைவுடன் அமைந்த இடங்களில். தென்னைக்கு அடியில் வண்டியை நிறுத்தாமல் மருத நிழலிலோ புளிய நிழலிலோ நிறுத்துங்கள். தேங்காயோ மட்டையோ விழுந்தால் கூரையிலுள்ள ஏசிப் பெட்டி உடையும். விடியலில் கன்னடியன் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டிச் செல்வது இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி என்பது எங்கள் எண்ணம். ஒருபுறம் ஓடும் தண்ணீர், மறுபுறம் வயல், நாயின் பாதத்துக்கு இதமான மண்பாதை. ஏழரை, எட்டு மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும். தார்ச்சாலையில் இறங்குமுன் புறங்கையை ஏழு நொடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டில் நாயை நடத்தினால் பாதத்தின் தோல் உரிந்துவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வட்டார வேட்டை நாய்கள் இந்த வெயிலுக்குப் பழகியவை என்றாலும், முயலையோ மயிலையோ கண்டுவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு நிற்கமாட்டா. அவற்றைக் கயிற்றிலிருந்து அவிழ்க்காதீர்கள்.

தாமிரபரணி கோடையில் அடங்கி ஓடுவதுபோல் தோன்றினாலும், மணல் அள்ளிய பள்ளங்களும் கசங்கள் எனப்படும் ஆழமான மடுக்களும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கார் பருவ நெல் சாகுபடிக்காக அணை திறக்கும்போது நீர் சடுதியில் உயரும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தைக் கேட்டு அங்கேயே இறங்குங்கள். நாயை மட்டும், ஆறு ஓடும் திசையில் படித்துறையைத் தாண்டி, ஆட்கள் குளிக்காத பக்கம் கொண்டுபோங்கள். நாய்க்கும் மிதவைச் சட்டை வண்டியில் வைத்திருக்கிறோம். ஆற்றில் ஷாம்பு போட்டு நாயைக் குளிப்பாட்ட வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான வேண்டுகோள், ஏனெனில் அது பல ஊர்களின் குடிநீர்.

இரண்டாவது தங்கல் உவரியை ஒட்டி. அங்கிருந்து மணப்பாடு வரை கடற்கரையோரமாகப் போய்வரலாம். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிடுவதால், மோப்பம் பிடித்துத் தோண்டும் நாயைக் கட்டியே வைத்திருக்க வேண்டும். பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளம், நாம் போகும் வழியிலிருந்து அதிகம் விலகாத ஊர்தான். ஆனால் வீட்டு வாசல் மரங்களில்கூடப் பறவைகள் கூடு கட்டும் அந்த ஊரில், அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே தவிர்த்துவரும் மக்களிடையே, நாயுடன் இறங்க வேண்டாம். குற்றாலம் ஆனி, ஆடிச் சாரலுக்கு உரியது. சித்திரையில் அங்கே பாறையைத்தான் பார்க்க முடியும்.

மலை வழித்தடத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் புதிய வழித்தடத்தை ஏற்கலாம். விருப்பமில்லையெனில் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும். முன்பதிவின்போது நாயின் இனம், வயது, எடை ஆகியவற்றுடன் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட பதிவேட்டின் நகலையும் அனுப்புங்கள். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களும், முதிர்ந்த நாய்களும், சினையாக உள்ளவையும் இந்த வெயிலைத் தாங்கா. அவற்றுடன் வர விரும்புகிறவர்களுக்கு வெயில் தணிந்து சாரல் காற்று வீசத் தொடங்கிய பிறகே தேதி ஒதுக்குவோம். அதற்கான முன்பதிவை இப்போதே செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
நிர்வாகத்தார்,
கேம்பர் வேன் வாடகை நிலையம், திருநெல்வேலி.