பறவைக் கூண்டுக்குள் செடி வைக்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஜூன் மழை நெருங்கினாலே பெங்களூரின் பன்னேர்கட்டா, எலகங்கா, ஓசூர் ரோடு பக்கத்துத் தோட்டக்காரர்கள் பெரிய பறவைக் கூண்டுகளுக்குச் செடி கேட்டு எங்கள் நர்சரிக்குப் போன் செய்கிறீர்கள். “மயில் கூண்டுக்கு என்ன செடி?” என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டிலோ தோட்டத்திலோ பிடித்து வைத்து வளர்க்க முடியாது. அந்த வேலையை நாங்கள் எடுப்பதும் இல்லை. ஆனால் வான்கோழி, கின்னிக்கோழி, நாட்டுக்கோழி எல்லாமே அதே இனத்து உறவுதான், மண்ணைக் கிளறும் கால்தான். ஆகவே முறையும் ஒன்றே.

கூண்டுச் செடி பெரும்பாலும் வாயால் சாவதில்லை, காலால் சாகிறது. கொத்திய இலை திரும்பத் துளிர்க்கும். தூரைச் சுற்றிக் கிளறி, அங்கேயே மண்குளியலும் போட்டால் வேர் வெளியே வந்து வெயிலில் காய்ந்துவிடும். அதனால் செலவை வேருக்குச் செய்யுங்கள். இரண்டடி நீள, அகல, ஆழக் குழி. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நட்டபின் மூன்றடிச் சதுரமாக ஒரு அங்குலக் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வெட்டி, நடுவரை ஒரு கீறல் போட்டு, தண்டைச் சுற்றி நாலு அங்குலம் இடைவெளி விட்டு விரியுங்கள். ஓரங்களை மண்ணுக்குள் மடக்கிவிட வேண்டும்; நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி காலைக் கிழிக்கும். மேலே கைமுட்டி அளவு உருண்டைக் கற்களைப் பரப்புங்கள். கட்டட ஜல்லி வேண்டாம், அதன் கூர்முனை பாதத்தில் புண்ணாக்கி, சீழ் கட்ட வைக்கும். தண்டு பருக்கப் பருக்க வலை இறுகும். வருடத்துக்கு ஒருமுறை நடு ஓட்டையைப் பெரிதாக்குங்கள். மண்குளியலுக்கு மழை படாத மூலையில் மணலும் சாம்பலும் கலந்து கொட்டிவிட்டால் பறவை தூரை விட்டுவிடும்.

இடம் இருந்தால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு: செடியைக் கூண்டுக்கு வெளியே நட்டு, கிளையை மட்டும் வலைக்குள் விடுவது. வேருக்கு ஆபத்தே இல்லை.

செம்பருத்தி, முருங்கை, கொய்யா, மல்பெரி, குத்து மூங்கில், வெட்டிவேர், எலுமிச்சைப்புல் இவை தாங்கும். வாழை நிழல் தரும், ஆனால் இலை கந்தலாகும். நாற்றாக வைத்தால் எதுவும் நிற்காது. இடுப்புயரத்துக்குக் குறையாத, தண்டு முற்றிய செடியாக வாங்கி, பறவையை விடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நடுங்கள். அரளி, தங்க அரளி, உண்ணிச்செடி, ஆமணக்கு, ஊமத்தை, குண்டுமணி கூண்டுக்குள் மட்டுமல்ல, வலை ஓரத்திலும் வேண்டாம். வெண்ணெய்ப்பழ மரமும் பறவைக்கு ஆகாது. கேட்டு வாங்குகிறவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

பறவை உட்காரும் கொம்புக்கு நேர் கீழே எதையும் நடாதீர்கள். எச்சத்தில் உள்ள உப்பும் அம்மோனியாவும் முதலில் இலை விளிம்பைக் கருக்கும், பிறகு மண் மேல் வெள்ளையாகப் படியும். “உரம் போதவில்லை” என்று நினைத்து அதற்கு மேலும் உரம் போட்டால் செடி போய்விடும். கூண்டுக்குள் தனி உரமே தேவையில்லை. எச்சத்தை வாரி எடுத்து, வாரம் ஒருமுறை வேர்ப்பகுதியை நன்றாக நனைத்தால் போதும். மற்ற நாட்களில் ஹோஸால் தரை முழுக்க அடிக்காமல், வலைக்கு அடியில் சொட்டுக் குழாய் ஓடவிடுங்கள். ஈரத் தரையில்தான் ரத்தக்கழிச்சல் பரவும், குஞ்சுகள்தான் முதலில் விழும்.

மருந்து விஷயத்தில் விளையாட வேண்டாம். கோழியினம் அரைவைக்காகச் சிறு கல்லைப் பொறுக்கும். குருணைப் பூச்சிமருந்தையும் அப்படியே கல்லென்று விழுங்கும், அது உயிரையே எடுக்கும். ஆமணக்குப் புண்ணாக்கிலும் நஞ்சு உண்டு. வேர்ப்பூச்சி வந்தால் வேப்பம்புண்ணாக்கைப் பொடித்து மண்ணுக்குள் புதையுங்கள். எந்த நர்சரியில் வாங்கினாலும், எங்களிடம் வாங்கினாலும், என்ன மருந்து போட்ட செடி என்று கேளுங்கள். பழைய தொட்டி மேல்மண்ணைத் தள்ளி, இலையைக் கழுவிய பிறகே கூண்டுக்குள் கொண்டுபோங்கள்.

வரும்போது கூண்டின் நீளம், அகலம், உயரம், எந்தப் பக்கம் மேற்கு வெயில், என்ன பறவை எத்தனை என்பதைக் குறித்து வாருங்கள். தரையில் பாதியாவது வெறுமையாக இருக்கும்படிதான் நாங்கள் செடி தருவோம்.

இப்படிக்கு,
உங்கள் நர்சரியார், பெங்களூரு